மேலொப்பம் பெற்ற வயிறு

மகப்பேறு விடுப்பு என்பது தாயாகப் போகிறவருக்கு மட்டுமே உரியது. மற்றெவரும் அதற்கு ஆசைப்படலாகாது. இந்த உயரிய கொள்கையைப் பதினோரு ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வந்தவர், விடுப்புப் பிரிவின் எழுத்தர் அம்மையார்.

அவருக்குப் பிள்ளையில்லை. வாடகைத்தாய் ஒருவரை நாடலாம் என்று மருத்துவர் சொன்னபோது, கணவனும் மனைவியும் பரந்த மனத்தோடு சம்மதித்தனர். நிபந்தனை ஒன்றே ஒன்று: காற்றுக்கும் தெரியக் கூடாது.

"இரவல் வாங்கறது தப்பில்லடி. இரவல்னு தெரிஞ்சாத்தான் தப்பு" என்றார் கணவர்.

அதே அலுவலகத்தில் மூன்று மாடிக்கும் தண்ணீர் கேன் சுமப்பவள், இரண்டு பெற்றவள், இளகிய மனத்தவள். "உங்களுக்காகச் சுமக்கறேன், அக்கா" என்றாள். வாய் திறப்பதில்லை என்று சத்தியமும் செய்தாள். அவள் வயிறு வளர வளர, அம்மையாரின் ஆடைக்குள் பஞ்சுத் தலையணையும் மாதந்தவறாமல் வளர்ந்தது.

ஏழாம் மாதம், இருவரின் விடுப்பு மனுக்களும் ஒரே நாளில் கண்காணிப்பாளரின் மேசைக்குப் போயின. விதிப்படி, கர்ப்பம் கண்ணுக்குப் புலப்பட வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூன்றடி தள்ளி நின்று, தலையணையை ஆராய்ந்து மேலொப்பமிட்டார்.

"வடிவம்னா இதுதாம்மா வடிவம்! ஒரு கோணல் உண்டா?"

அடுத்து, தண்ணீர் சுமப்பவள்.

"தாயின் பெயர்ங்கற இடத்துல ஏன் ஒண்ணும் எழுதலை?"

"சுமக்கறது நான், சார். பிள்ளை வேறொருத்தங்களுது. பேர் சொல்றதில்லைன்னு சத்தியம். பிள்ளை எடை கம்மி, படுத்தே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"தாய் இல்லைன்னு நீயே சொல்றே. அப்புறம் உனக்கெதுக்கு லீவு? அந்த ஒருத்தங்க வந்து கேக்கட்டும்."

அந்த 'ஒருத்தங்க' அடுத்த மேசையில்தான் அமர்ந்திருந்தார். கோப்பு, குறிப்புரைக்காக அவரிடமே வந்து சேர்ந்தது. 'தாய் நான்தான்' என்று இரண்டு சொல் எழுதினால் போதும். பிள்ளை படுத்து வளரும். அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். அறையில் பதினெட்டுப் பேர், முப்பத்தாறு காதுகள்.

'மனுதாரர் தாயல்லர் ஆதலால், மனுவை நிராகரிக்கலாம்' என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்.

அவர் விடுப்பில் போகும் நாளன்று பிரிவே திரண்டு வாழ்த்தியது. மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். அந்நேரம் தண்ணீர் சுமப்பவள் இரைக்க இரைக்க மூன்றாம் மாடி ஏறி வந்து, தடுமாறிச் சுவரில் சாய்ந்தாள்.

"மெதுவா ஏறித் தொலைக்கக் கூடாதா?" அம்மையார் அலறியேவிட்டார். "வயித்துல பிள்ளை இருக்குல்ல!"

"கீழே இன்னும் நாலு கேன் இருக்கே, அக்கா."

கண்காணிப்பாளர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீங்களா? யார் பெத்த பிள்ளைக்கோ இந்தம்மா பதறுறாங்க. சுமக்கறவளுக்கு அந்தப் பதற்றம் இருக்கா? தாய் மனசுன்னா சும்மாவா!"

பிரிவு முழுவதும் கைதட்டியது. அம்மையாரும் தட்டினார், தட்டாவிட்டால் சந்தேகம் வருமல்லவா? தண்ணீர் சுமப்பவள் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையிலும் கேன் இருந்தது.