ஜிங்க் மாமா

ராஜபாளையத்தில் யாராவது உங்களுக்குக் கை கொடுத்துவிட்டுக் கையை விடாமல் வைத்திருந்தால் அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஜிங்க்காரர். உங்கள் நகத்தில் வெள்ளைப் புள்ளி உண்டா என்று வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பித்தவெடிப்பு, கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவரின் பொடுகு, துட்டிக்குப் போன சாவு வீட்டில் அழுதுகொண்டிருப்பவரின் உதட்டுப் புண் என்று எதைக் கண்டாலும், செத்த நேரம் கண்ணை மூடித் திறந்து, ஒரே தீர்ப்புதான் சொல்வார். உடம்பில் ஜிங்க் சத்து கம்மி. தோல் வளரவும் புண் ஆறவும் ஜிங்க் வேண்டும் என்பது உண்மைதான், யார் இல்லை என்றது? அது கொஞ்சூண்டு போதும், பெரும்பாலோருக்குக் கடலையிலும் முட்டையிலும் கறியிலுமே கிடைத்துவிடும் என்கிற பகுதி இவர்கள் போனில் பார்க்கும் வைத்திய வீடியோவின் பிற்பாதியில் வருகிறது. ஜிங்க்காரர் முற்பாதியிலேயே எழுந்துவிட்டவர்.

வைகுண்டராஜ் இந்த இனத்தில் முதல் தரம். நூல் மில் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா மகள் யோகேஸ்வரிக்கு நிச்சயதார்த்தம் குறித்திருந்த நேரத்தில் கன்னமெல்லாம் பரு. மனிதர் சும்மா இருப்பாரா? மாத்திரை அட்டையோடு பஸ் ஏறிவிட்டார். மாத்திரையைப் போட்ட பெண்ணுக்குக் குமட்டியது. மாமாவிடமிருந்து போனில் உடனே பரிகாரம் வந்தது.

"வெறும் வயித்துல போட்டா பெரட்டத்தான் செய்யும். ஒரு வாய் பால்கோவாவ வச்சு முழுங்கு."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கா பஞ்சம்? ஒரு வாய் என்பது அந்த ஊரில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பரு நெற்றிக்கும் ஏறியது. மாமா மாத்திரையைக் கூட்டினார். துணைக்குப் பால்கோவாவும் கூடியது.

கடைசியில் அக்கா செல்வலட்சுமி பெண்ணைத் தோல் டாக்டர் எலினாவிடம் இழுத்துக்கொண்டு போனார். ஜிங்க் குறைவே இல்லை, இது வயசுப் பரு, இனிப்பும் பாலும் சிலருக்கு அதைக் கூட்டிவிடும், இரண்டையும் குறைத்து மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

சேதி கேட்டு ஓடி வந்த மாமா கலங்கினாரா? இல்லை. ஜிங்க் கூடிப்போனதால் காப்பர் குறைந்திருக்கும், நகத்தைக் காட்டு என்றார்.

யோகேஸ்வரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாமா, மாப்பிள்ள வீட்டாளுக இந்த மூஞ்சியப் பாத்து என்ன சொல்வாகளோன்னு பயந்து கெடக்கேன். எல்லாரும் மருந்து சொல்லுதாக. நீ நல்லாத்தான் இருக்கேன்னு ஒருத்தராச்சும் சொன்னீகளா?"

பாவம் மாமா. அவருக்கு அந்தப் பெண் மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் இத்தனையும் செய்தார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். யோகேஸ்வரி முகத்தில் பரு என்று படித்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றியது? கற்றாழையா, சந்தனமா, வேப்பிலையா? அந்தப் பெண் அழகாக இருப்பாள் என்று ஒரு கணமாவது தோன்றியதா?