ஏஜென்ட்டுக்கு எழுதிய இருநூறு பக்கம்

மூன்று மணி நேர வலீமா விருந்து வீடியோவை ஏஐ ஏஜென்ட் பதினொரு நிமிடமாக வெட்டி முடித்துவிட்டது. மாப்பிள்ளை அப்சல் வருகிறார், பெண் வருகிறாள், எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

“பந்தி எங்கம்மா? மேடையில வரிசையா நின்னு போட்டோ எடுத்தாங்களே, அவங்கெல்லாம் எங்க?” என்று பதறினார் தவசிமுத்து அண்ணாச்சி.

“கட்டிங் டூலுக்கு இன்னா எழுதச் சொன்னீங்க? ‘தேவையில்லாததை வெட்டும்’னு. வெட்டிக்கீது,” என்றாள் ரூபினா.

தண்டையார்பேட்டையில் வெறும் ‘தவசி வீடியோஸ்’ ஆக இருந்த கடை, அண்ணாச்சி ஒரு ஹோட்டல் கருத்தரங்கில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு வந்த மறுநாள் ‘தவசி ஏஐ மீடியா சொல்யூஷன்ஸ்’ ஆகிவிட்டது. போர்டுதான் மாறியது, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் கயிறுதான். சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட் ஒன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. எடிட்டிங் சாஃப்ட்வேரில் எந்த டூல் எதற்கு, எப்போது என்று எழுதிக் கொடுத்தால் போதும், படித்துவிட்டு வேலை பார்க்கும். எழுத வேண்டியவள், அந்தக் கடையில் பதினாறு வருடமாக எடிட் செய்யும் ரூபினா. எழுதி முடித்த அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் வர வேண்டியதில்லை.

“போவச் சொன்னா போறேன்,” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். “ஆனா எழுதினது அரைகுறைன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது.”

திருத்தினாள்: ‘மேடையில் ஏறிய யாரையும் வெட்டாதே.’ ஃபேன் மாட்ட ஏறிய எலக்ட்ரீஷியன் ஒன்பது நிமிடம் வந்தார்.

‘மணமக்கள் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவரே முக்கியமானவர். அவருக்கு ஸ்லோமோஷன்.’ லைட்மேன் ஜெரி வயர் சுருட்டியபடியே ரோஜா இதழ் மழையில் மிதந்து வந்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு முகங்களை இதய வடிவத்துக்குள் சேர்க்கும் டூலுக்கு, ‘ஒருவரையொருவர் அடிக்கடி பார்த்துக்கொள்ளும் இருவருக்கு’ என்று எழுதினாள். ஏஜென்ட் மண்டபம் முழுக்கத் தேடி, அப்சலின் தாய்மாமன்கள் இரண்டு பேரைப் பிடித்து இதயத்துக்குள் உட்காரவைத்தது. ஒரு குட்டிச்சுவர் யாருக்கு என்பதில் ஏழு வருடமாகப் பேச்சு இல்லாமல் முறைத்துக்கொண்டிருப்பவர்கள்.

அண்ணாச்சி தலையில் கை வைத்தார். “இதெல்லாம் உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

“ராயபுரத்துப் பாதிக் கல்யாணத்த இந்தக் கையாலதான் வெட்டிக்கீறேன். பெரிய மாமன் வர்ற ஷாட்டுல சின்ன மாமன வுட மாட்டேன். எந்த வூட்டுப் பந்தியில கறி பத்தலன்னு பேஜாராச்சின்னு தெரியும், அத்த அப்டியே தூக்கிடுவேன். உங்க மிஷினுக்குத் தெரியுமா?”

“தெரியலன்னா அது டாக்குமென்டேஷன் குறை. மண்டைக்குள்ள ஒண்ணும் வச்சுக்கப்படாது. எல்லாத்தையும் எழுது.”

“எல்லாத்தையுமா?”

“காரணத்தோட!”

“அப்பால என்னியக் கேக்கக் கூடாது, அண்ணாச்சி.”

“பேசாம எழுது பிள்ள!”

எழுதினாள். நான்கு நாள் தலை நிமிரவில்லை. வெட்டும் டூலின் கீழே, எந்தக் குடும்பத்தில் யாரை எதற்காக வெட்ட வேண்டும் என்பது. நிறம் திருத்தும் டூலின் கீழே, எந்த வீட்டில் பெண்ணை எத்தனை படி வெளுக்கவைக்கச் சொன்னார்கள் என்பது. சத்தத்தை அடக்கும் டூலின் கீழே, எந்த மாமியார் மேடையிலேயே மருமகளை என்ன சொன்னார் என்பது. முகச் சுருக்கம் போக்கும் டூலின் கீழே, எந்த மாப்பிள்ளைக்கு நிஜத்தில் என்ன வயது என்பது. திருவொற்றியூர் தொடங்கி ராயபுரம் வரைக்கும் இருநூறு பக்கம்.

இந்த முறை ஏஜென்ட் ஒரு குறையும் வைக்கவில்லை. மாமன்கள் ஆளுக்கொரு மூலையில், சம நேரத்துக்குச் சிரித்தார்கள். அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அப்சல் வீட்டுக்கு அனுப்பு,” என்று ஏஜென்ட்டுக்கு ஆணையிட்டார். அதுவும் ஒளிவுமறைவு அறியாதது. வீடியோவோடு, எதை ஏன் வெட்டினோம் என்றொரு அறிக்கையும், ஆதாரமாக அந்த இருநூறு பக்கத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை அப்சலின் அம்மா காத்தூன் பீவி, பிரின்ட் போட்ட காகிதக் கட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். “இத்த யாரு எழுதினது?”

அண்ணாச்சி மானிட்டருக்குப் பின்னால் முடிந்த மட்டும் ஒளிந்தார். “நான் படிக்கக்கூட இல்லம்மா. எல்லாம் இவதான். இப்பவே வேலையை விட்டு நிறுத்திட்டேன்.”

ரூபினா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “நான்தான் மாமி எழுதினேன். பதினாறு வருசம் கண்ணால பாத்தது. ஒரு வரி பொய்யின்னு காட்டுங்க, இங்கியே கியிச்சிப் போட்டுட்டுப் போறேன்.”

காத்தூன் பீவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எச்சில் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

“அவரு நிறுத்தினா நிறுத்தட்டும், நீ நம்ம வூட்டுக்கு வா,” என்றார். “கொருக்குப்பேட்டப் பக்கம் மட்டும் எழுதாம வுட்டுட்டியே, சின்னவனுக்கு அங்கதான் பொண்ணு பாத்துகினு கீறோம்.”