ஐஸ் பெட்டிக்காரரிடம் ஒரு கேள்வி

“மீன் பிடிக்கவா கிளம்பிட்டீங்க, அங்கிள்?”

கேட்ட பிறகுதான் வெண்டெலுக்கு உறைத்தது. வாயிலிருந்த மீன் துண்டு அப்படியே நின்றது.

பச்சை மீன் கலவை விற்கும் லெயோலா ஆன்ட்டியின் ‘போக்கே’ கடையே அமைதியாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சூரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி, கத்தியைக் கீழே வைத்தார்.

ஓஆஹு தீவின் அந்தக் கரையில், ஐஸ் பெட்டியோடு இருப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. மீன்களுக்குக் காது உண்டு. கேட்டுவிட்டால் அன்று தூண்டில் காலியாகத்தான் திரும்பும். ‘காத்து வாங்கப் போறீங்களா?’ என்றுதான் கேட்க வேண்டும். நடக்கப் பழகும் முன்பே கற்ற பாடம். ஐம்பது வயதில் மறந்து போனது.

வெண்டெலின் வாய் அப்படி. அதை ஆண்டவர் ஏதோ காரணத்துக்காகத்தான் படைத்திருக்க வேண்டும் என்று அவன் மனைவி நம்பினாள். காரணம்தான் இதுவரை தெரியவில்லை.

பக்கத்து மேசையில் ஹெர்மன் அங்கிள், காலடியில் ஐஸ் பெட்டியோடு அவனைப் பார்த்தார்.

“கேட்டுட்டியே, தம்பி.”

போனை எடுத்தார். “மச்சான், இன்னிக்குப் படகை எடுக்காதே... கடல் நல்லாத்தான் இருக்கு, எனக்குத் தெரியாதா? ஒருத்தன் கேட்டுட்டான். ஆமா, மூஞ்சிக்கு நேரா.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. மறுபேச்சு இல்லாமல் போன் அடங்கியது.

“வெண்டெல்,” என்றார் லெயோலா ஆன்ட்டி. “நாளைக்கு உன் பேத்தி விருந்துக்கு அண்டா நிறைய போக்கே சொல்லியிருக்கே. இவர் போகலைன்னா நான் எதை வெட்டறது? உன்னையா?”

பேத்தியின் முதல் பிறந்தநாள். தெருவே வருகிறது. ‘ஆர்டரை மட்டும் ஞாபகப்படுத்திட்டு வாங்கப்பா, வேற எதுவும் பேசாதீங்க’ என்றுதான் மகள் அனுப்பியிருந்தாள்.

வெளியே ஓடினான். காவலுக்கென்று கடை வாசலில் வளர்த்திருந்த ‘கீ’ என்ற செடியில் ஒரு இலையைப் பறித்து வந்து நீட்டினான். “இதைப் படகுல வைங்க, அங்கிள். எந்தக் கெட்டதும் அண்டாது.”

ஹெர்மன் அங்கிள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பறிக்கறதுக்கு முன்னாடி செடிகிட்ட அனுமதி கேட்டியா?”

“அவசரத்துல...”

“அப்போ இதுவும் போச்சு. லெயோலா, இன்னொரு கிண்ணம் கொடு. கடற்பாசி தாராளமா போடு.”

வெண்டெல் மறுபடி ஓடினான். மாதா கோயில் விற்பனைக்காக மனைவி சுட்டுக் கொடுத்திருந்த ரொட்டி காரில் இருந்தது. அதையே மன்னிப்புக் காணிக்கையாக மேசையில் வைத்தான்.

அங்கிள் முகர்ந்தார். “என்ன ரொட்டி இது?”

“வாழைப்பழ...” என்று தொடங்கியவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“படகுக்காரன் கையில வாழைப்பழத்தைக் கொடுக்கறானே!” என்று ஆன்ட்டி தலையில் கை வைத்தார். “படகுல ஒரு தோல் கிடந்தாலே போதும், மீன் ஓடிடும்!”

அங்கிள் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். நிதானமாக இன்னொன்றும் சாப்பிட்டார். “இனிமே நான் படகுப் பக்கமே போக முடியாது,” என்றார். குரலில் சோகம் இருந்தது. உதட்டில் ரொட்டித் தூள் இருந்தது.

மீதி ஒரே வழி. வெண்டெல் கைகூப்பினான். “ஆண்டவரே, இந்த நல்ல மனுஷரோட படகு நிறைய சூரை மீன்...”

“மீன் பேரையும் சொல்லியாச்சா!” என்றார் அங்கிள்.

“சரி, பெட்டியையாவது உங்க வண்டியில வைக்கறேன்,” என்று வெண்டெல் குனிந்தான்.

“தொடாதே!”

அங்கிள் குரலை உயர்த்தி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. வெண்டெல் அப்படியே நாற்காலியில் சரிந்தான். புதுச் சட்டையில் தவழும் பேத்தியும், வெறும் சோற்றைப் பார்த்து நிற்கும் விருந்தாளிகளும் கண்முன் வந்தார்கள். கண் கலங்கிவிட்டது.

ஹெர்மன் அங்கிளின் சாப்ஸ்டிக் பாதி வழியில் நின்றது. தன் கிண்ணத்தில் இருந்த நல்ல துண்டுகளாகப் பார்த்து வெண்டெலின் கிண்ணத்துக்கு மாற்றினார்.

“அழாதே, தம்பி. பச்சைக் குழந்தை விருந்துல நான் விளையாடுவேனா? உன் பேத்திக்கு வேண்டிய மீன் நேத்தே பிடிச்சாச்சு. என் வீட்ல ஐஸ்ல கிடக்கு.”

“நேத்தேவா?” ஆன்ட்டியின் கை இடுப்புக்குப் போனது. “அப்புறம் எதுக்குய்யா அவனை இந்தப் பாடு படுத்தினே?”

அங்கிள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் பார்த்தார்கள்: மழமழவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட பூப்போட்ட சட்டை.

கதவு திறந்தது. அவர் மனைவி மோமி, பண்டிகைக்கு உடுத்தும் நீளமான கவுனில் உள்ளே வந்தார். யாரையும் கேட்காமல் குனிந்து ஐஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரையும் இல்லை, தூண்டிலும் இல்லை. ஐஸ் மேல் ஒரு மல்லிகை மாலை மட்டும் வாடாமல் படுத்திருந்தது.

அங்கிள் அதை எடுத்து, தலை நிமிராமல் மனைவியின் கழுத்தில் போட்டார். காது சிவந்திருந்தது.

மோமி ஆன்ட்டி நேரே வந்து வெண்டெலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“கேட்டது நீதானா? படகுல இவரோட போற என் தம்பி இப்பத்தான் போன்ல சொன்னான். நல்லா இருப்பே, தம்பி! கல்யாண நாளுக்கு ஒருநாள் லீவுன்னு அவன்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, யாராவது தப்பாக் கேட்டுட மாட்டாங்களான்னு காலையிலேருந்து இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கறார். எல்லாரும் நல்ல பிள்ளைங்களா ‘காத்து வாங்கப் போறீங்களா’ன்னே கேட்டிருக்காங்க!”