அண்ணனின் இடது கண்ணும் என் சைக்கிள் கேரியரும்

கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் என் அண்ணன் ஹில்கேவுக்கு, கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தங்கை வீப்ரிக் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் நலம். அண்ணியும் நலமாக இருப்பாள். உன் வலது கண்ணும் நலம். இந்தக் கடிதம் இடது கண்ணைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை நீ செய்துவிட்டுப் போன காரியத்துக்கு உன்னைக் கால்வாயில் தள்ளியிருக்க வேண்டும், வேலை போய்விடுமே என்று விட்டேன். காற்று ஊதும் மெஷினில் முகத்தை வை என்றால், ஊதி அணைக்க நான் என்ன மெழுகுவத்தியா என்று கேட்டாய், நானும் சிரித்துத் தொலைத்தேன். இருபத்தொன்றைத் தாண்டக் கூடாத அழுத்தம் உன் இடது கண்ணில் முப்பத்தொன்று என்று வந்ததும் என் சிரிப்பு நின்றது, உன்னுடையது நிற்கவில்லை. சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்று டாக்டர் மின்னெமா பொறுமையாகச் சொன்னார். நாலு மணி நேரம் கண் மங்கும், சைக்கிள் ஓட்டக் கூடாது என்றதும் எழுந்துவிட்டாய். என் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். அத்தனை பேர் காதிலும் விழ நீ சொன்னாய்:

"தங்கச்சி ஓட்டுற சைக்கிள்ல பின்னாடி உக்காந்து நான் போனா, பாலத்துல காத்துக் கெடக்குற படகுக்காரன் பூராப் பேரும் ஹாரன் அடிப்பான்டி. கண்ணு போனா போகட்டும்."

அதோடு முடிந்ததா? பாலக்காரரே வேண்டாம் என்கிறார், எனக்கு மட்டும் எதற்கு என்று உனக்கு அடுத்துக் காத்திருந்த ஓப்கே எழுந்தான், அவன் பின்னாலேயே அவன் மச்சானும். யிப்மா அம்மாள் ஒருத்திதான் சொட்டு விட்டுக்கொண்டாள். அவளும், ஓட்டத்தானே கூடாது என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், கரை தெரியாமல் கால்வாயில் இறங்கிவிட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று என்னைத்தான் திட்டினாளாம்.

வேண்டாம் என்பவரை மிரட்டாதே, கிண்டல் பண்ணாதே, எடுத்துச் சொல், அப்புறமும் வேண்டாம் என்றால் கையெழுத்து வாங்கு. இதுதான் இங்கே வழக்கம். இருபது வருஷமாக அப்படித்தான் வாங்குகிறேன். அவர்களில் எவனும் என் அண்ணன் இல்லை. நீ போட்ட கையெழுத்தைப் பார்த்தாயா? போட வேண்டிய கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, டாக்டர் பெயர் மேல் ஏறி ஓடுகிறது.

அப்பாவும் கண் வலிக்கவில்லை, பரிசோதனை எதற்கு என்றுதான் சொன்னார். கடைசி ஆறு வருஷம் பாலத்து மணியைக் கேட்டுத்தான் வீடு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்தார். அந்த மணியை அடித்தவனே நீதான். உனக்கு யாரடா அடிப்பார்கள்?

வியாழக்கிழமை பத்து மணிக்கு உன் பெயரை எழுதிவிட்டேன். அண்ணிக்கு என் அன்பு, நாய்க்கு ஒரு தடவல், உனக்கு ஒன்றும் கிடையாது.

தீராத கோபத்துடன்,
வீப்ரிக்

பி.கு.: அப்பாவுக்கு இந்தக் கண் அழுத்தம் இருந்தால் பிள்ளைகள் எல்லாருமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். டாக்டர் மூன்று வருஷமாக என்னையும் உட்காரச் சொல்கிறார். வேலை இருக்கிறது என்று நழுவிக்கொண்டே இருக்கிறேன். வேலை இல்லை, பயம். உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறேன். நீ வந்தால்தான் நான் உட்காருவேன். கேரியர் வேண்டாம், இரண்டு பேரும் சொட்டு விட்டுக்கொண்டு, கரைப் பக்கம் போகாமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். எவன் சிரித்தாலும் நம் இரண்டு பேருக்கும் தெரியப் போவதில்லை.