கலர் இக்கா வரைந்த மகாராஜா

மட்டாஞ்சேரியில் ஒருவரின் முகத்தை அவரைக் கேட்காமலேயே மாற்றிவிடும் அதிகாரம் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் படைத்தவர். இன்னொருவர் கலர் இக்கா. முதலாமவராவது ஒரு தடவை செய்ததோடு விட்டுவிடுவார்.

இக்கா என்றால் அண்ணன். அவருடைய நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ் ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். நகல் எடுப்பது, அட்டைக்கு உறை போடுவது, பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுப்பது, இவ்வளவுதான் தொழில் என்று கடைப்பலகை சொல்லும். பலகையை நம்பி மனிதர்களாக உள்ளே போன பலர் ஓவியங்களாக வெளியே வந்திருக்கிறார்கள்.

நான் அப்போது ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இக்காவின் கடைக்கு மேல் மாடியறையில் குடியிருந்தேன். அடையாள அட்டைக்கு எட்டு போட்டோ வேண்டுமென்று கீழே இறங்கிப் போனது என் தப்புதான்.

"இரு மோளே," என்று மகளைப்போலக் கூப்பிட்டு நிறுத்தினார் இக்கா. "உனக்கு எதைப் பார்த்துட்டே இருக்க இஷ்டம்? கடலா, மழையா, ஆளுங்களா?"

"இக்கா, ஆபீசுக்கு நேரமாச்சு."

"செரி, மூஞ்சியில எதை மறைக்கணும்?"

கண்ணுக்குக் கீழே கருவளையம் என்றேன். ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏஐயிடம் பேச ஆரம்பித்தார். ஏஐயை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார். "அவனுக்குக் கை உண்டு, கண்ணு இல்லை. கண்ணு நான். போட்டோ மனுஷனைக் காட்டாது, கேட்டியா? அன்னிக்கு அடிச்ச வெளிச்சத்தைத்தான் காட்டும்."

கருவளையம் போயிருந்தது. பதிலுக்குக் காதுவரை நீண்ட கண்களும் பச்சை நிற முகமும் வந்திருந்தன. அரண்மனைச் சுவரோவியத்திலிருந்து இறங்கி வந்த தேவதையாக எட்டுப் பிரதி. வேறு வழியில்லாமல் அதையே அட்டையில் ஒட்டிக்கொண்டு போனேன். அலுவலகக் காவலாளி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு உள்ளே விட்டார்.

எதிர்ச்சாரி சாயாக்கடைச் சேட்டன் கதை இன்னும் மோசம். கையில் வடிகட்டியோடு ஜோராக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இக்கா அதை முகலாய பாணிக்கு மாற்றினார். படத்தில் சேட்டன் தலைப்பாகையோடு சாய்ந்திருந்தார். வடிகட்டி பருந்தாக மாறி மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது.

"எடோ, என்டெ அரிப்ப எவிடே?" என்று சேட்டன் கத்தினார், தன் வடிகட்டியைக் காணாமல்.

"ராஜா எங்கேயாவது சாயா வடிப்பாரா சேட்டா? போய் மாட்டும்."

மாட்டினார். ஒரே வாரத்தில் அது 'பருந்துக்கடை' ஆகிவிட்டது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்ட நாங்கள், இக்காவின் ஒரு பிடிவாதத்தையும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டோம். ஓவியம் முடிந்ததும் அசல் போட்டோவை அழித்துவிடுவார். "அசல் பக்கத்துல இருந்தா ஓவியம் தலைகுனியும்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் செல்வி இருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். சுக்குக் கிடங்கில் தரம்பிரிக்கிற வேலை. கூட இருந்தது அப்பா மாரியப்பன் மட்டும்தான். ஊர் ஊராகப் போய்க் கட்டடம் கட்டிய மேஸ்திரி. ஒரு வருடமாக ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. மகளைச் சில சமயம் அக்கா என்பார், சில சமயம் யாரென்று கேட்பார். மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது.

அன்று பத்து மணிக்குச் செல்வி தண்ணீர் பிடித்துவிட்டு வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. ஆளில்லை. இரண்டு மணி நேரம் சந்து சந்தாக ஓடியிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு மாடியேறி என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, எங்கப்பாவக் காணோம்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அவளுடைய பழைய போன் போன மாதம் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. அதோடு படங்களும் போயின. ஆதார் அட்டை அப்பாவின் சட்டைப்பையில். ஆகவே வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த, இக்கா செய்துகொடுத்த படத்தைச் சட்டத்தோடு கழற்றி நெஞ்சில் அணைத்தபடி கொண்டுவந்திருந்தாள்.

மேசைமேல் வைத்ததும் போலீஸ்காரர் எழுந்து நின்றே விட்டார். சிவப்புத் திரைக்கு முன்னால், எண்ணெய் மின்னும் அகன்ற மார்பும், முறுக்கிய மீசையும், முப்பத்திரண்டு முத்துப் பற்களுமாக ஒரு மகாராஜா.

"இது ஆரா? தம்புரானோ?"

"எங்கப்பா சார்."

"வயசு?"

"அறுபத்தெட்டு."

படத்தில் இருந்தவருக்கு நாற்பது தாண்டாது. போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வியின் கண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார்: "ஒறிஜினல் போட்டோ வேணம் மோளே. இது வச்சு ஞான் ஆரெ தேடும்?"

யாரைத் தேடுவார்? அந்த முகத்தோடு ஊரில் யாருமே இல்லையே.

கடைக்கு ஓடி வந்தோம். இக்கா அப்போதுதான் சோற்றில் கைவைத்திருந்தார். செல்வி விஷயத்தைச் சொல்லி, "அசல் போட்டோவக் குடுங்க இக்கா" என்றாள். அவர் எழுந்த வேகத்தில் தட்டு கவிழ்ந்தது.

"அழிச்சிட்டேன்" என்றார்.

செல்வி நெஞ்சில் அணைத்திருந்த படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. இக்கா எச்சில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தார். தேடாத இடமில்லை. அழித்ததையும் வாராவாரம் சுத்தமாகத் துடைத்துவிடுகிற மனிதர் அவர். பிறகு 'அவனிடம்' கெஞ்ச ஆரம்பித்தார். இந்த ஓவியத்தைத் திரும்பப் போட்டோவாக்கு, வயதைக் கூட்டு, பல்லைக் குறை.

ஒரு கிழவர் வந்தார். செல்வி தலையை ஆட்டினாள். இரண்டாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி மாதிரி இருந்தார். மூன்றாமவருக்குத் தாடி. ஏழாவது கிழவர் திரையில் வந்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தபோது செல்வி உடைந்துவிட்டாள்.

"இவங்கள்லாம் யாரு இக்கா? எங்கப்பா எங்கயோ தெருவுல நிக்காரு. நீங்க வேற வேற அப்பாவக் காட்டிட்டிருக்கீங்க!"

இக்கா மௌஸை விட்டார். சட்டென்று மேசை இழுப்பறையை இழுத்து அந்த நீள நோட்டை எடுத்தார். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. தமிழை மலையாள எழுத்தில் எழுதி வைத்திருப்பார். அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. பக்கங்களைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்து உரக்க வாசித்தார்.

"மாரியப்பன் மேஸ்திரி. மேல்வரிசையில மூணு பல்லு இல்லை, வச்சுத் தரணும். இடது புருவத்துல வெட்டுக்காயம், மறைக்கணும். வலது காதுமடல் கிழிஞ்சிருக்கு, செரியாக்கணும். கழுத்துல பெரிய மச்சம், வேண்டாம். மீசை இல்லை, வேணும்."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆமா. அதான் எங்கப்பா."

படத்திலிருந்து நீக்கியதெல்லாம் நோட்டில் பத்திரமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு எழுதியிருக்கு" என்றார் இக்கா. "பார்க்க இஷ்டம், கிரேன். வல்லார்பாடம் துறைமுகத்துல கண்டெய்னர் தூக்குமே, அந்தக் கிரேன். கடற்கரையில நின்னு அக்கரையில பார்த்திருக்கார். கிட்டத்துல போய்ப் பார்க்கணும்னு எங்கிட்டச் சொன்னார்."

அடுத்த நிமிடம் இக்கா போனை வாய்க்குக் கிட்டே பிடித்து மலையாளத்தில் பேசினார். புருவம், பல், காது, மச்சம். ஆட்டோ ஸ்டாண்டு, சாயாக்கடைகள், படகுத்துறை என்று அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு வாட்ஸ்ஆப் குழுவுக்கும் அது பறந்தது. நான் ஸ்டேஷனுக்குப் பேசினேன். அதே போலீஸ்காரர் இப்போது சிரிக்காமல் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டார்.

காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. பிராட்வே மார்க்கெட்டிலிருந்து ஒரு போன். காது கிழிந்த ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். செல்வி போனைப் பிடுங்கிப் பேசினால், மறுமுனையில் ஒரு வெங்காய வியாபாரி, தன் காதுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று குமுறினார். இரண்டரை மணிக்குத்தான் படகுத்துறையிலிருந்து அழைப்பு வந்தது. புருவத்தில் வெட்டுள்ள பெரியவர் பதினோரு மணிக்கே பைக்குகளோடு பைக்காக வண்டிப்படகில் ஏறி அக்கரை வைப்பினுக்குப் போய்விட்டாராம்.

இக்கா, செல்வி, நான் மூவரும் ஆட்டோவில் பறந்தோம். துறையை அடைந்தபோது படகு கரையை விட்டு இரண்டு முழம் நகர்ந்திருந்தது. இக்கா தாவப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அடுத்த படகு வரும்வரை துறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு தடவைகூட செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டோ எங்களோடு படகேறி அக்கரையில் இறங்கிப் பாலங்களைத் தாண்டியது. வல்லார்பாடத்துச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின.

"அப்பா!"

இரண்டு பக்கமும் லாரிகள் ஓட, நடுத்திட்டில் நின்றிருந்தார் மாரியப்பன். ஒரு காலில்தான் செருப்பு. தூரத்துக் கிரேனை அண்ணாந்து பார்த்து, மேலே தூக்கு, மேலே தூக்கு என்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

செல்வி மறுபடி கத்த வாயெடுத்தாள். இக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்தார். "கூப்பிடாதே மோளே. உன் குரல் கேட்டா ஓடி வருவார். நடுவுல லாரி."

பிறகு இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினார். ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் சொன்ன வார்த்தையை இங்கே அச்சிட முடியாது. இக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்து போய், பெரியவருக்குப் பக்கத்தில் நின்று, அவரைப் பார்க்காமல் கிரேனைப் பார்த்தார். மழைச் சத்தத்தினூடே அவர்கள் பேச்சு எங்களுக்கு அரைகுறையாகக் கேட்டது.

"வேலை எப்படிப் போகுது மேஸ்திரி?"

"சாரம் சரியில்ல. நீ யாருவே?"

"அடுத்த ஷிப்டு. உங்களை மாத்திவிட வந்தேன்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தலையில தொப்பி எங்க? தொப்பி இல்லாம நான் விடமாட்டேன்."

இக்கா ஒரு விநாடி திணறினார். "ஆபீஸ்ல இருக்கு. வழி தெரியலை. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

மாரியப்பன் சலித்துக்கொண்டே இக்காவின் கையைப் பிடித்தார். லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். புது ஆளைப் பத்திரமாகச் சாலை கடத்திக் கூட்டிவந்தார் மேஸ்திரி. செல்வி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இக்கா அதற்குப் பிறகு திருந்தினாரா என்று கேட்பீர்கள். எங்கே திருந்தினார்? இப்போதும் வருகிறவர்களை ஓவியமாக்கித்தான் அனுப்புகிறார். ஆனால் ஒவ்வொரு ஓவியத்தின் முதுகிலும் அசல் போட்டோ ஒன்றை ஒட்டிக் கொடுக்கிறார். அந்தப் போலீஸ்காரரும் ஒரு நாள் வந்து, வழுக்கையை மறைக்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாராம்.

எனக்கு இக்காவை நினைத்தால் ஞாபகம் வருவது அன்று திரும்பிய படகுதான். ஆட்டோவுக்குள் மகளின் தோளில் சாய்ந்து மாரியப்பன் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். இக்கா எங்களை விட்டு விலகிப் போய்க் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"அந்தத் தம்பி யாரு? வேலைக்குப் புதுசா?" என்று சத்தமாகக் கேட்டார் பெரியவர்.

"நம்ம தெருக்காரர்ப்பா."

"நல்ல பய. நிலைச்சிருவான்."

அது இக்காவின் காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கியது. ஊரார் முகத்தையெல்லாம் மணிக்கணக்கில் பார்க்கிற மனிதர், தன் முகத்தை யாருக்கும் காட்டாமல் தண்ணீரைப் பார்த்து நின்றார். பைக்கில் வந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மழை நின்று வெகுநேரமாகியிருந்தது. ஆனாலும் நான் போய்க் குடையை விரித்து, எட்டிப் பார்த்தவர்களுக்கும் இக்காவுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை நின்றேன்.