சிக்னல் கேபினுக்கு நல்ல நேரம்

பொம்மை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பஞ்சாங்கம் பார்த்து நிலை வைத்த ஆசாரி இந்தப் பூமியில் ஒருவர்தான். காரைக்குடியில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. 'நல்லநேரம்' என்று கேட்டால் போதும், டீக்கடைக்காரர் வீட்டுக்கே வழி காட்டுவார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். பிறகு டீச்சராகவும் ஆனேன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. வேலையில் சேர்ந்த வருடமே, மார்கழியில் நடக்கும் பள்ளிக் கண்காட்சிக்கு ஓடும் ரயிலும் தேக்கில் செய்த கட்டடங்களுமாக ஒரு மேசையையே நிரப்பிக் காட்டுகிறேன் என்று தலைமையாசிரியையிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். ரயிலும் தண்டவாளமும் பழைய மாணவர் ஒருவர் கொடுத்தவை. கட்டடங்களுக்கு நல்லநேரத்தைப் பிடித்தேன்.

"எல்லாம் நெசத்துல எண்பத்தேழுல ஒரு பங்கு இருக்கணும்ணே. கதவு ரெண்டரை சென்டிமீட்டர்."

"ஒரு நூல் பிசகாது டீச்சர். ஆனா நிலையெல்லாம் கார்த்திகைக்குள்ள வச்சிரணும். மார்கழியில நிலை வைக்க மாட்டேன்."

"இது பொம்மைண்ணே."

"வாசல் இருக்குல்ல?"

முதலில் சிக்னல் கேபின். நிலைக்கு அடியில் நவதானியம் போட இடமில்லாததால் ஒரே ஒரு எள்ளை வைத்தார். தலைமையாசிரியை தீக்குச்சி முனையால் குங்குமம் இட்டார். எட்டாம் வகுப்புக்குக் கல்கண்டு கிடைத்தது. என் கணக்குப் பீரியடு போயிற்று.

அடுத்து ஸ்டேஷன். அதன் வாசல் கிழக்கே பார்க்கும்படி வைத்தார். ரயில் பக்கச் சுவரை உரசிக்கொண்டு போனது. பிளாட்பாரம் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சனம் எங்கிட்டுண்ணே ஏறும்?"

"நீங்க சொல்ற மாதிரி வச்சா வாசல் தெக்க பாக்கும். அதுக்கு வேற ஆளப் பாருங்க. இல்லைன்னா மேசையத் திருப்புங்க."

நான்கு பேர் சேர்ந்து மேசையைத் திருப்பினோம். ஸ்டேஷன் சரியாக உட்கார்ந்தது.

"இப்ப கேபின் வடக்க பாக்குதேண்ணே?"

"குபேரன் தெசை. சிக்னல்காரருக்குச் சம்பளம் கூடும்."

திருப்பிய மேசை கண்காட்சி அறையின் பாதி வாசலை அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதற்குள் நண்டு மாதிரிதான் நுழைய முடிந்தது.

கார்த்திகையின் கடைசி நாள். கூட்ஸ் ஷெட் மட்டும் பாக்கி. நல்ல நேரம் பத்தரை வரை. பத்து இருபதுக்கும் ஆளைக் காணோம். விட்டால் இனி தை மாதம்தான். "வாக்குக் குடுத்தீங்களே, டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. என் திமிரெல்லாம் இறங்கிவிட்டது.

பத்து இருபத்தைந்துக்கு சைக்கிளில் வந்து இறங்கினார். ஷெட்டுக்கு நிலை வைத்த கையோடு, உளிப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். நான் கேட்காத ஒரு குட்டிப் பள்ளிக்கூடம். பத்து இருபத்தொன்பதுக்கு அதற்கும் எள் வைத்து நிலை வைத்தார்.

"இதுக்காகத்தான் லேட்டா?" என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கதவு மூன்றரை சென்டிமீட்டர். பிசகைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில், "அண்ணே, ஒரு நூல் பிசகாதுன்னீக. ஒரு சென்டிமீட்டரே கூட இருக்கு" என்றேன்.

அவர் உளியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதுல நீங்கதான டீச்சர் நுழைவீக. தலையக் குனிஞ்சா போவீக?"

கண்காட்சியில் எல்லோரும் ரயிலைத்தான் பார்த்தார்கள். கணக்குத் தப்பிய அந்தக் கதவு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. திருத்த மனம் வரவில்லை.