டிராமில் தனியாகப் போன அங்கவஸ்திரம்

மதராஸைக் கோயில் கோயிலாகச் சுற்றிப் பார்த்தவர்கள் உண்டு. கடை கடையாகப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு துண்டைத் துரத்திக்கொண்டே பார்த்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். (இதில் என்ன பெருமை என்று என் மனைவி கேட்கிறாள். பெருமை இல்லைதான்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோவில்பட்டியில் என்னோடு படித்த வைத்தி, குமாஸ்தா உத்தியோகமும் புது மனைவியுமாக மயிலாப்பூரில் குடியேறியிருந்தான். "வாடா, பட்டணத்தைக் காட்டுகிறேன்" என்று கடிதம் போட்டான். போய் இறங்கினேன். ரயில் கரியில் என் துண்டு கரித்துணியாகியிருந்தது. அவன் மனைவி அலமேலு இரக்கப்பட்டு, பெட்டியிலிருந்து ஒரு ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"தலைதீபாவளிக்கு அப்பா இவருக்கு வாங்கிக் கொடுத்தது. ராயப்பேட்டை அத்தை ஆத்துக்கு அப்பா வந்திருக்கார். சாயங்காலம் இங்கே வரார். வந்ததும் இதைத்தான் தேடுவார். பத்திரமாக் கொண்டுவந்துடுங்கோ அண்ணா."

தெருவுக்கு வந்ததும் வைத்தி என் காதில் சொன்னான். "போன தடவை மாமனார் கொடுத்த குடையை எங்கேயோ வெச்சுட்டேன்டா. 'மாப்பிள்ளைக்குப் பொறுப்பு போறாது'ன்னு ஊர் பூரா சொல்லிண்டிருக்கார். இதுவும் தொலைஞ்சா நான் தொலைஞ்சேன்."

எங்கள் ஊரில் துண்டுக்கு ஒரு மரியாதை உண்டு. மோட்டார் பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் நம்முடையது. அப்புறம் ஆற அமரக் காப்பி குடித்துவிட்டு வரலாம். துண்டுக்காரர் வந்து உட்காரும்வரை டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். உலகம் முழுவதும் இதே சட்டம்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூர் லஸ் முனையில் டிராம் வந்து நின்றது. ஏறுவதற்கு ஒரே நெரிசல். வைத்தி வெற்றிலைக் கடையில் நின்றான். நான் தோளில் இருந்ததை உருவி, குறி பார்த்து, சன்னல் வழியாக வீசினேன். காலி இடத்தில் போய் அழகாக விழுந்தது.

"இடம் போட்டாச்சுலே! மெதுவா வா" என்று கடைக்குப் போய், நானும் ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினேன். சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போது டிராம் மணி அடித்தது. அங்கவஸ்திரம் உட்கார்ந்துகொண்டு போயிற்று. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

"அடப்பாவி! போறது துண்டு இல்லைடா, என் மானம்!" என்று அலறிய வைத்தி, என்னை ஒரு ஜட்காவில் தூக்கிப் போட்டுத் தானும் ஏறினான்.

"இன்னா நைனா, எவனாச்சும் முடிச்சவிக்கியா?" என்று கேட்டார் ஜட்கா ஓட்டிய பாய்.

"துண்டு" என்றேன்.

"துண்டா? ஒரு துண்டுக்கா என் குதிரை இந்த ஓட்டம் ஓடிக்கினு கீது?"

"ஜரிகைத் துண்டு, பாய்!"

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா!" என்று சாட்டையைச் சொடுக்கினார்.

ஊர் பார்க்க வந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டா போக முடியும்?

"அது என்னலே, மணிக்கூண்டு?"

"ராயப்பேட்டை! நீ டிராமைப் பாரு!"

"ஏயப்பா, இம்புட்டுப் பெரிய கடையா!"

"மவுண்ட் ரோடு! டிராம் எங்கே, டிராம்?"

"அந்தா செவப்பா, கோபுரம் கோபுரமா?"

"ஐகோர்ட்டு! உன்னைக் கொன்னுட்டு நான் அங்கேதான் வந்து நிக்கப்போறேன்!"

ஐகோர்ட்டுக்கு எதிரே டிராம் தடம் முடிந்து நின்றபோதுதான் பிடித்தோம். எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக, குடுமியும் மாம்பழக் கூடையுமாக ஒரு பெரியவர் இறங்கினார். அவர் தோளில் எங்கள் அங்கவஸ்திரம்.

வைத்தி என் கையை இறுகப் பிடித்தான். "மாமனார்டா" என்றான். எனக்கு அப்படியே ரயிலேறி ஊருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"மாப்பிள்ளை!" என்று அவர் கூவினார். "உங்காத்துக்கு வரத்தான் ராயப்பேட்டையில ஏறினேன், எதிர்த்திசை வண்டின்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. நிக்கக்கூட இடமில்லே. பார்த்தா, நடுவுல ஒரு இடம் மட்டும் காலி! யாரோ பெரிய மனுஷா போட்ட துண்டுன்னு ஒருத்தரும் உட்காரலை. கிட்டப் போனா, நான் காஞ்சிபுரத்துல சொல்லி நெய்யவெச்ச ஜரிகை! 'என் மாப்பிள்ளை எனக்குன்னு இடம் போட்டு அனுப்பியிருக்கார், நகருங்கோ'ன்னு உட்கார்ந்துண்டேன். போறாததுக்கு ஜட்கா வேற வெச்சுண்டு அழைக்க வந்திருக்கேளே! உங்களைப் போய்ப் பொறுப்பில்லாதவர்னுட்டேனே!" அவர் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பொய் சொல்ல வராது. பாராட்டை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்கவும் வராது. "அது நான்தான் போட்டேன் மாமா—" என்று ஆரம்பித்தேன். வைத்தி என் கால் கட்டைவிரலை மிதித்தான். (நகம் முளைக்க இரண்டு மாதம் ஆயிற்று.) பாய்க்கு நான்கு மாம்பழம் கிடைத்தது. அதே ஜட்காவில், மாமனார் நடுவில் அமர, சிரித்துப் பேசிக்கொண்டு மயிலாப்பூர் திரும்பினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் ஊர் பார்த்ததே இல்லை.

மாமனார் இருந்தவரை, மாப்பிள்ளை என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று யார் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொன்னார். வைத்தி ஒரு நாளும் மறுக்கவில்லை. நிஜம் தெரிந்த மூன்றாவது ஆள் அலமேலு. அன்று சாயங்காலமே என் நொண்டலைப் பார்த்து விசாரித்து விஷயத்தை வாங்கிவிட்டாள்.

போன வருஷம் வைத்தியின் பெண்ணுக்குக் கல்யாணம். பந்தலில் நல்ல கூட்டம். முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் சாயம் போன அந்த அங்கவஸ்திரம். பக்கத்தில் நின்ற அலமேலு அத்தனை பேர் காதிலும் விழும்படி கூப்பிட்டாள்:

"வாங்கோ அண்ணா, சீக்கிரம் உட்காருங்கோ. நாற்காலி கிளம்பிடப் போறது!"